மகள் வாங்கிய மெத்தை

அந்த ஹோட்டலின் சலவைப் பிரிவில் அவளுக்குப் பட்டப்பெயர் துப்பறிவாளர். அறைகளிலிருந்து வந்து குவியும் படுக்கை விரிப்பை ஓர் உதறு உதறினால் போதும், படுத்தவரின் ஜாதகத்தையே சொல்லிவிடுவாள். இது காபி, இது உதட்டுச்சாயம், இது புருஷனோடு சண்டை போட்டு அழுதவளின் கண்மை. மூத்திரக் கறை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். “இந்த ரூம்ல மீசை வச்ச பாப்பா தங்கியிருக்கு” என்பாள். இஸ்திரி போடும் உருளை இயந்திரத்தருகே நிற்கும் தோழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

அதெல்லாம் ஆபரேஷனுக்கு முன்பு. பிள்ளை பெற்ற உடம்பு, போதாததற்கு வருஷக்கணக்கில் ஈரத்துணி மூட்டை தூக்கியது, கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. மேலே தூக்கித் தைத்தார்கள். இடுப்பில் தொங்கிய பாரம் போயிற்று. வேறொன்று வந்து சேர்ந்தது. இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால் மூத்திரம் கசிந்தது. விடியற்காலை இருமலுக்கு விரிப்பு நனைந்தது.

இறங்கிய உறுப்பு மூத்திரக் குழாயை மடக்கி வைத்திருக்கும், நிமிர்த்தியதும் சிலருக்கு இப்படிக் கசியும், இருந்தால் வந்து சொல்லுங்கள், அதற்கும் வழி இருக்கிறது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினாள். இவள் சொன்னாளா? மறுபரிசோதனையின்போது டாக்டரம்மா தான் போட்ட தையலைப் பார்த்து அப்படிப் பூரித்துப்போனாள்.

“இப்ப எப்படிம்மா இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்கு டாக்டர்.”

நல்ல மனுஷியின் முகம் வாடிவிடக் கூடாதாம். அசட்டுத் தாட்சண்யம், வேறென்ன சொல்வது.

ஊர் அழுக்கை வெளுப்பவள் தன் விரிப்பை மட்டும் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு, அந்த ஈர வாடையிலேயே தனியாகச் சாப்பிட்டாள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். சிரிப்பதை விட்டாள். தலைக்கனம் பிடித்துவிட்டது என்று தோழி நினைத்துக்கொண்டாள்.

வேறு ஊரில் இருந்த மகள் கைக்குழந்தைக்காரி. “எப்பம்மா வர்ற? உனக்குன்னு புது மெத்தை வாங்கிப் போட்டிருக்கேன்” என்று போனில் நச்சரித்தாள். மெத்தை என்ற சொல்லைக் கேட்டாலே இவளுக்குத் தன் நனைந்த விரிப்புதான் கண்ணில் நின்றது. லீவு இல்லை, இடுப்பு வலி, சளி என்று ஒவ்வொன்றாகச் சாக்குச் சொன்னாள். கடைசியில் மகளின் குரல் இறங்கிவிட்டது.

“உனக்கு எங்களைப் பார்க்கணும்னே தோணலை இல்லம்மா? சரி விடு. இனிமே கூப்பிடல.”

பின்னால் பேத்தி சிணுங்குவது கேட்டது, பிறகு அதுவும் இல்லை. அந்தக் குழந்தையை இவள் இன்னும் மடியில் வாங்கிப் பார்க்கவில்லை. அன்று அவள் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

மறுநாள் ஒரு விரிப்பு வந்தது. ஈரமான பக்கம் உள்ளே போகும்படி சதுரமாக மடித்திருந்தது. தோழி அதைப் பிரித்துவிட்டு, பழைய நாட்களை இழுத்துப் பிடிக்கப் பார்ப்பவளைப்போலக் கூப்பிட்டாள்.

“துப்பறிவாளரே, இங்க வாங்க. மீசை பாப்பாவா, பாருங்க.”

அவள் பார்த்தாள். நடுவில் வெளிறிய வட்டம். சுற்றிலும் சரியாக அலசாத சோப்பின் விளிம்பு.

“பாப்பா இல்ல. என் வயசுப் பொம்பளை. விடியறதுக்குள்ள எழுந்து, குழாயடியில வச்சுக் கசக்கியிருக்கா.”

“அது எப்படி உனக்குத் தெரியும்?”

“நானும் அப்படித்தான் கசக்குறேன். ஆபரேஷன்லேர்ந்து.”

தோழியின் சிரிப்பு பாதியில் நின்றது. உருளை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. இவளே தோழியிடமிருந்து விரிப்பை வாங்கிச் சலவை இயந்திரத்தில் போட்டு மூடினாள். சொன்ன பிறகும் இடி ஒன்றும் தலையில் விழவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மகளுக்குப் போன் போட்டாள். நெடுநேரம் மணி அடித்தது.

“என்னம்மா?”

“முதல்ல டாக்டரம்மாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். சொல்லிட்டு, ஞாயித்துக்கிழமை கிளம்பி வர்றேன்.”

மகள் பதில் சொல்வதற்குள் இவளே தொடர்ந்தாள்.

“அந்த மெத்தைக்கு மேல ஒரு ரப்பர் ஷீட் வாங்கிப் போட்டு வை.”

“பாப்பாவுக்குத்தான் தொட்டில்ல போட்டிருக்கேனேம்மா.”

“பாப்பாவுக்கு இல்லடி. எனக்கு.”