விழத் தெரியாதவள்

எங்கள் சபையில் என் வேலை போர்வை போடுவது. பாஸ்டர் நெற்றியில் கை வைப்பார், பரிசுத்த ஆவி இறங்கும், பெண்கள் விழுவார்கள். பாவாடை ஒதுங்குவதற்குள் நான் ஓடிப்போய் மூடிவிட வேண்டும். விழுகிறவர்களைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிப்பது என் புருஷன் ஒப்துலியோவின் வேலை. வாரத்தில் ஆறு நாள் முலாம்பழப் பெட்டிகளை லாரியில் ஏற்றுகிறவன், ஏழாம் நாள் விசுவாசிகளைத் தரையில் இறக்குவான்.

ஒன்பது வருஷமாகப் பார்க்கிறோம், யார் எப்படி விழுவார்கள் என்பது எங்களுக்கு அத்துப்படி. கசாப்புக்கடை தொரிபியோ விழுவதற்கு முன் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் பத்திரமாக வைப்பார். கிளோத்தில்தா, ஒப்துலியோ பின்னால் நிற்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் விழுவாள். விழுந்தபின் அவள் அழுகிற அழுகை பஸ் நிலையம் வரை கேட்கும். யாரையும் நான் பொய் என்று சொல்லவில்லை. தொப்பி கழற்ற ஆவியானவர் நேரம் கொடுக்கக் கூடாதா என்ன?

நான் மட்டும் விழுந்ததே இல்லை. அழுததும் இல்லை. அம்மா செத்த அன்று ஊரே அழுதது. நான் துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சோளமாவுத் தமால் அவிக்க வாழையிலை மடித்துக்கொண்டிருந்தேன். கல் நெஞ்சுக்காரி என்றார்கள். இன்றுவரை நான் சமையலில் போடுவது அம்மா போட்ட உப்பின் அளவுதான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு என்று சபையில் இருப்பது ஒன்றே ஒன்று: ஆராதனை முடிந்ததும் பின்பக்கத் தகரக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு நான் நடத்தும் வேத வகுப்பு. பதினோரு வாண்டுகள். அதுதான் என் உயிர். அதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபத்து வந்தது.

அன்று, செத்துப்போய் இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவின் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லறை முன்னால் இயேசு அழுதார் என்றதும் யெஸ்லி கையைத் தூக்கினாள். எட்டு வயது. அவள் அப்பாவை ஜனவரியில்தான் புதைத்திருந்தோம்.

"டீச்சர், அஞ்சு நிமிஷத்துல எழுப்பத்தானே போறாரு? அப்புறம் எதுக்கு அழணும்?"

"அடுத்த வாரம் சொல்றேன்டி கண்ணு" என்றேன். வெளியே வந்தால் பாஸ்டர் நெக்தாலி காத்திருக்கிறார். தலைநகரிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் சகாப்பா ஊர் வெயிலில் இன்னும் கழுத்துப்பட்டையை அவிழ்க்காத மனிதர்.

"சகோதரி எர்மெலிந்தா, மனசு கஷ்டப்படாதீங்க. விழாதவங்க, அழாதவங்க இனிமே போதிக்க வேணாம்னு முடிவு பண்ணியிருக்கேன். உள்ளுக்குள்ள சத்தியம் புரிஞ்சிருந்தா வெளியில தெரியாம போகாது. அடுத்த ஞாயிறு முன்னால வாங்க, ஜெபிக்கிறேன். அன்னைக்கும் ஒண்ணும் நடக்கலேன்னா பிள்ளைங்களை கிளோத்தில்தா பாத்துக்கட்டும்."

"கிளோத்தில்தாவா? பாஸ்டர், போன மாசம் அவ, கப்பல் கட்டின நோவாவை மீன் முழுங்கிச்சுன்னு சாட்சி சொன்னா!"

"ஆனா அழுதுகிட்டே சொன்னாங்க" என்றார் பாஸ்டர்.

வீட்டுக்கு வந்து ஒப்துலியோவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் பாத்திரங்களை உருட்டினேன். அவன் மெத்தையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனான்.

"வாடி, விழக் கத்துத் தரேன். இந்த ஊர்ல என்னை விட்டா இதுக்கு வாத்தியார் கிடையாது."

"யோவ், இது ஏமாத்து இல்லையா?"

"ஏமாத்து இல்லடி, பழக்கம். உடம்பைப் பலகை மாதிரி வெச்சுக்கோ. முட்டியை மடக்கினா அது மயக்கம். பின்னால திரும்பிப் பாத்தா அது கிளோத்தில்தா. நேரா சாயணும், அவ்வளவுதான்."

சாய்ந்தேன். கால் தானாகப் பின்னால் போய் ஊன்றிக்கொண்டது. மறுபடி சாய்ந்தேன். மறுபடி கால்.

"நான் பிடிப்பேன்னு நம்பிக்கை இல்லையா?"

"உன் மேல நம்பிக்கை இல்லாமயா இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினேன்? என் கால் மேலதான்யா நம்பிக்கை இல்ல. அது என் பேச்சைக் கேட்க மாட்டேங்குது."

வியாழக்கிழமை வரைக்கும் பழகினோம். கோழிகள் கூட வேடிக்கை பார்த்து அலுத்துப்போய்விட்டன.

ஞாயிறு வந்தது. டிரம்ஸ் அடிக்க, கிட்டார் அலற, நான் முன்னால் போய் நின்றேன். கையில் பழக்க தோஷத்தில் போர்வை. பின்னால் ஒப்துலியோ. பாஸ்டர் என் நெற்றியில் கை வைத்து அழுத்தினார். கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், நான் விழத்தான் விரும்பினேன். யெஸ்லிக்குச் சொல்ல வேண்டிய பதில் இன்னும் கிடைத்திருக்கவில்லை, ஆனாலும் அதைச் சொல்லும் இடத்தில் நான்தான் இருக்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கால் ஊன்றிக்கொண்டது.

"இன்னும், ஆண்டவரே, இன்னும்!" என்று பாஸ்டர் பலமாகத் தள்ளினார். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்களைத் தள்ளினால் என்ன செய்வோம்? எதிர்த்துத் தள்ளுவோம். வேண்டுமென்று செய்யவில்லை, ரத்தம் அப்படி. அவர் தள்ள, நான் முன்னால் சாய, கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வண்டியைத் தள்ளுகிறவர்கள் போல நின்றோம். பிறகு அவர் இன்னொரு தரம் ஓங்கித் தள்ளுவதற்காகக் கையைச் சட்டென்று எடுத்தார்.

அவ்வளவுதான். என் நெற்றி நேராக அவர் நெஞ்சில் போய் மோதியது. ஒப்துலியோ என் பாவாடையை இடுப்போடு கொத்தாகப் பிடித்து என்னை நிறுத்திவிட்டான். பாஸ்டரைப் பிடிக்க யாரும் இல்லை. அவருக்குப் பின்னால் ஆள் நிற்கும் வழக்கமே இல்லையே! முட்டி மடங்காமல், திரும்பிப் பார்க்காமல், பலகை போல நேராக விழுந்தார். ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு லட்சணமான விழுகையை நான் பார்த்ததில்லை.

"அல்லேலூயா!" என்று சபை கூரை அதிரக் கத்தியது. கிளோத்தில்தா பொறுக்கமுடியாமல் தானாகவே தொரிபியோவின் மேல் விழுந்தாள். என் கை, என்னைக் கேட்காமல், பாஸ்டரின் கால்சட்டை மேல் போர்வையை விரித்துவிட்டது.

குனிந்தபோது அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"சகோதரி... இடுப்பு..."

"தெரியுது பாஸ்டர்."

"இப்ப நான் என்ன பண்றது?"

"கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

ஊரையெல்லாம் விழவைத்த மனிதர் அதுவரை ஒரு தடவையும் விழுந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு வாரக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

வகுப்புக்குப் போகலாம் என்றும் யாரும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கொட்டகைக்குப் போய்ப் பிள்ளைகள் முன் நின்றேன். வாயைத் திறப்பதற்குள் ஒப்துலியோவின் தோளைப் பிடித்துக்கொண்டு பாஸ்டர் நொண்டி நொண்டி வந்தார். பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வகுப்பைப் பிடுங்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

யெஸ்லி எழுந்தாள். "பாஸ்டர், வலிச்சுதா?"

ஆவியானவர் தள்ளினால் சிராய்ப்பு கூட வலிக்காது என்று அவரே எத்தனை பிரசங்கம் செய்திருக்கிறார்! பதினோரு பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நானும் மறுத்திருக்க மாட்டேன். அவர் என்னைப் பார்த்தார். கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார்.

"வலிச்சுதும்மா" என்றார். "ரொம்ப வலிச்சுது."

யெஸ்லி அவர் பக்கத்தில் போய் நின்று, இடுப்பைத் தொடலாமா என்று யோசித்து, கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் நிரம்பிவிட்டது. சத்தமே இல்லாத அழுகை.

"ஏன்டி கண்ணு அழற?" என்றேன். "ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"சரியாயிடும்தான்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ஆனா இப்ப வலிக்குதுல்ல."

நான் ஒரு வாரமாகத் தேடிய பதில் அது. "இயேசுவும் அதுக்குத்தான் அழுதாரு, யெஸ்லி" என்றேன். என் கண் காய்ந்துதான் இருந்தது. ஆனால் தொண்டைக்குள் ஏதோ உருண்டது. அதை யாரும் பார்க்கவில்லை. பாஸ்டர் மட்டும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

எழுந்திருக்க இரண்டு தரம் முயற்சி செய்து முடியாமல், உட்கார்ந்தபடியே கேட்டார்.

"அடுத்த ஞாயிறு என்ன பாடம், டீச்சர்?"

"யோனா" என்றேன். "மீன் முழுங்கினது அவரைத்தான்."