மடக்கிய குடில்

கிடங்கில் அவளுடைய வேலை காலி அட்டைப்பெட்டிகளை மடக்குவது. அடிப்பக்க ஒட்டுநாடாவைக் கீறி, நான்கு மூலைகளையும் தட்டித் தட்டையாக்கி, இருபது இருபதாகச் சணலால் கட்டவேண்டும். காலிப் பெட்டி ஒன்று நிமிர்ந்து நின்றாலே மேற்பார்வையாளர் கத்துவார். ஆறு வருடமாக அந்தக் கத்தலுக்கு முன்பே அவள் கை முந்திக்கொள்கிறது.

அன்று மூன்று மணிக்கு வீடு திரும்பினாள். பண்டிகைக் கூட்டத்தில் பத்து நாளாக விடுப்பில்லை. இரண்டு காலும் கடுத்தன. கதவோரம் ஒரு பெட்டி நின்றது. செருப்பைக் கழற்றினாள், பெட்டியை மடக்கினாள், சணலால் கட்டிச் சுவரில் சாய்த்தாள், தண்ணீர் குடிக்கப் போனாள்.

கூடவே குடியிருக்கும் தங்கை தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள்.

"அக்கா, இங்க இருந்த குடில் எங்க?"

"எந்தக் குடில்?"

"உன் மக நாலு நாளா ஒட்டினாளே, கிறிஸ்துமஸுக்கு. நாளைக்குக் காலைல ஸ்கூல்ல வைக்கணுமாம். பசை காயட்டும்னு நான்தான் கதவுகிட்ட வெச்சேன்."

இருவரும் சுவரில் சாய்ந்திருந்த கட்டைப் பார்த்தார்கள். அவள் போய்ச் சணலை அவிழ்த்தாள். அட்டையின் மேல்தாளை மகள் உரித்து, உள்ளே இருந்த வரிகளையே ஓடாக வேய்ந்திருந்த கூரை இரண்டாகப் பிளந்திருந்தது. காகிதச் சுருள் குழாயில் செய்த ஆடுகள் அப்பளமாகியிருந்தன.

"வெறும் பெட்டின்னு நெனச்சேன்டி."

"உள்ள ஆடு, மாடு, நட்சத்திரம் எல்லாம் இருந்துச்சே!"

"பாக்கவே இல்ல. கை பாட்டுக்குச் செஞ்சிடுச்சு."

"நல்ல கை. நான் ஒரு நிமிஷம் அசையாம நின்னா என்னையும் கட்டிப் போட்டுடும்."

சிரிக்க இருவருக்கும் தெம்பில்லை. அவள் கூரையை நிமிர்த்தினாள், மடிந்த இடத்திலேயே மறுபடி மடிந்தது.

"அவ வர்ற நேரமாச்சு. பூனை தள்ளிவிட்டுச்சுன்னு சொல்லிடலாமா?" என்றாள் தங்கை.

"நம்ம வீட்ல ஏதுடி பூனை?"

"பக்கத்து வீட்டுப் பூனை."

"அது சணல்ல முடிச்சும் போட்டுச்சாக்கும்."

நாலு மணிக்கு மகள் வந்தாள். ஒன்பது வயது. பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள்.

"நான்தான் மடக்கிட்டேன் கண்ணு. தெரியாம."

மகள் ஓர் ஆட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அங்க மடக்குறது பத்தலையாம்மா உனக்கு?"

அவள் இன்னும் வெந்நீர் வைத்துக் குளிக்கவேண்டும், சோறு வடிக்கவேண்டும், நாளை ஐந்து மணிக்கு எழவேண்டும். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

மகள் பையை இறக்கிவிட்டுப் பசை டப்பாவோடு வந்தாள். மடிப்புகளின் மேல் அட்டைப் பட்டைகளை வைத்து ஒட்டினாள்.

"இந்தச் சுவத்தப் பிடி. ரெண்டு பக்கமும். கைய எடுக்கக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"காயிற வரைக்கும்."

ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே என்று அவள் பிடித்துக்கொண்டாள். மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஆடுகளுக்குள் பென்சிலை விட்டு ஒவ்வொன்றாக உருட்டி நிமிர்த்தினாள். மகளிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று அவள் நினைத்தாள். எதைச் சொல்வது என்று தேடும்போதே தலை மெல்லச் சாய்ந்து கூரையின் ஓரத்தில் பட்டு நின்றது. கைகள் மட்டும் சுவரை விடவில்லை.

தங்கை எட்டிப் பார்த்தாள்.

"அம்மா தூங்கிட்டாடி. எழுப்பட்டுமா?"

மகள் திரும்பி, பட்டையை விரலால் அழுத்திப் பார்த்தாள். பசை காய்ந்து கெட்டியாகப் பிடித்திருந்தது.

"வேணாம் சித்தி. இன்னும் காயல."