ஒவ்வொருத்தியாக வரச் சொன்னார்

ராமேஸ்வரத்தில் கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜில் நான் மேஸ்திரி. அறை சுத்தம் செய்கிற நாலு பெண்கள் எனக்குக் கீழே. பெரிய முதலாளி நோயில் படுத்த பிறகு அவர் மகன் ராம்குமார்தான் எல்லாம் பார்க்கிறார்.

போன திங்கட்கிழமை, நாலு பேரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், நீங்கள் கூட இருக்க வேண்டாம் என்றார். எதற்கு என்று கேட்டேன். சும்மா பேசத்தான் என்றார். சும்மா பேச எவனும் கதவைச் சாத்துவதில்லை. எழுபது வயதான என்னை வீட்டுக்கு அனுப்ப அவர்கள் வாயாலேயே ஒரு குறை வாங்கப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன்.

குறை சொல்லவும் இடம் உண்டு. ஆள் தங்கியிருக்கிற மாடிக்கு எந்தப் பெண்ணையும் ஒற்றையாக அனுப்ப மாட்டேன். இரண்டு பேராகத்தான் போக வேண்டும். அமாவாசைக் கூட்டத்தில் அதனால் தாமதமாகும். தீர்த்தமாடி வந்த ஜனம் ஈரத்துணியோடு வாசலில் நின்று கத்தும்.

இன்னதைச் சொல்லுங்கள் என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க நினைத்தேன். ஆனால் அவர்களில் பூமயில் என்பவள் வாயில் எதுவும் நிற்காது. அதனால் நேராக ராம்குமாரிடமே போனேன்.

"தாராளமாக் கேளுங்க மொதலாளி. நான் டீக்கடைக்குப் போயிர்றேன். ஆனா என்னையப் பத்தி என்ன சொன்னாலும் என் மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்புடணும்."

சரி என்றார்.

கடைசியாகப் போன பூமயில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அது இன்னும் பயமாக இருந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டார். அறைக்கு ஒருத்தி என்று மாற்றலாமா என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம். நான் நின்றால் வாய் திறக்கமாட்டார்கள் என்று நினைத்தாராம். நாலு பேரும் முடியாது என்றுவிட்டார்கள். ஒற்றையாகப் போகச் சொன்னால் வேலையே வேண்டாம் என்றாளாம் முருகலட்சுமி.

"ரெண்டு பேராவே போகட்டும். எப்பவும்போல நீங்களே பாருங்க. ஒரு குறை மட்டும் சொன்னாக வீரையாண்ணே. நேராச் சொல்லவா?"

"சொல்லுங்க."

"கூட்டுன பெறகு கட்டிலுக்கடியில குனிஞ்சு, கடல்மணல் கெடக்கான்னு வெரலால தடவிப் பாக்குறீகளாம். மாமியார்கூட அப்படிப் பாக்கமாட்டான்னு பூமயில் சொல்லுது."

இவ்வளவுதானா என்று மூச்சு விட்டேன். வெளியே வந்து, மாமியார் என்றா சொன்னாய் என்று பூமயிலிடம் கேட்டேன்.

"ஆமா மாமா. என்னைக்காச்சும் மணல் இருந்துச்சா?"

"ஒருநா இருந்துச்சு."

"அது எந்த வருசம்?"

இன்று காலை மாடிக்குப் போகாமல் கீழேயே உட்கார்ந்திருந்தேன். கை துறுதுறு என்றுதான் இருந்தது. இடுப்பு வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.