இங்கே முதல் தடவை

1.

இந்தக் கதை எனக்கு ஒரு சுகாதார நிலையத்தின் காத்திருப்பு பெஞ்சில் கிடைத்தது. அடிக்கடி வீடு மாறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வைத்தியம் எப்படி நடக்கிறது என்று கட்டுரை எழுதப் போயிருந்தேன். கட்டுரை வந்துவிட்டது. அதில் இடம் கிடைக்காத ஒரு பேச்சு மட்டும் மிச்சம்.

"முதல் தடவையா?" என்று கேட்டார் நர்ஸ்.

"இங்க முதல் தடவை சிஸ்டர்," என்றாள் ஒரு தாய்.

[இப்படித் தொடங்கினால் ஏழைத் தாய்க்கு எல்லோரும் உச்சுக் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வேறு தொடக்கம் வேண்டும்.]

1.

வீட்டிலிருந்து தொடங்குகிறேன். அப்பா கிடங்கில் மூட்டை ஏற்றுபவர். அம்மா தையல் ஆலையில் சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவள். மகளுக்கு ஆறு வயது; கூப்பிடுவது வாலு என்று. சுவரின் கீழ்ப்பாதி எப்போதும் ஈரம். மெத்தையைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டால் கதவு திறக்காது. வாலுவுக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் வலது காதில் சீழ் வடியும். "வெள்ளையடிக்கணும், காலி பண்ணுங்க," என்றார் வீட்டுக்காரர். வெள்ளையடித்த வீட்டுக்கு வேறு ஆள் வந்தார். இவர்கள் போன புதிய பேட்டையில் வேறு சுகாதார நிலையம். அங்கே நடந்தது என்னவென்றால்

1.

"காது எவ்வளவு நாளா இப்படி?"

"ரொம்ப நாளா டாக்டர். முன்ன இருந்த ரெண்டு இடத்துலயும் சொட்டு மருந்து குடுத்தாங்க. ஆறலேன்னா திரும்ப வாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றோம்னாங்க."

"போனீங்களா?"

"அதுக்குள்ள வீடு மாறிட்டோம்."

"சரி, இந்தச் சொட்டு மருந்தைப் போடுங்க. ஆறலேன்னா திங்கக்கிழமை வாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்."

(எண்கள் அச்சுப்பிழை அல்ல. நான் எழுதிய எல்லாத் தொடக்கங்களும் ஒன்றிலேயே நிற்கின்றன. ஒரு கெட்ட டாக்டரை எழுதிப் பார்த்தேன், பொய்யாக வந்தது. முதல் தடவை வரும் காதுக்குச் செய்யவேண்டியதை ஒவ்வொருவரும் சரியாகத்தான் செய்தார்கள். இந்தக் காது இரண்டாம் தடவைக்குப் போய்ச் சேரவே இல்லை.)

1.

அப்பாவுக்கு மகள்மேல் அக்கறை உண்டு என்று நான் முதலில் நம்பவில்லை. மகளைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

"கூப்பிட்டா திரும்பறாளா பாரு. திமிரு. எல்லாம் உன் வளர்ப்பு."

"என் வளர்ப்பா? அச்சு அசலா உங்க அக்கா."

"எங்க அக்காவ ஏன் இழுக்கற?"

"அவங்களும்தான் கூப்பிட்டா திரும்ப மாட்டாங்க. அதுவும் நாம கடன் கேட்டா மட்டும்."

அவர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. தரையில் படம் வரைந்துகொண்டிருந்த வாலுவின் வலப்பக்கமாகப் பின்னால் போய் நின்றாள். தாழ்ந்த குரலில், "மிட்டாய் வேணுமா?" என்றாள்.

வாலு கலர் பென்சிலை எச்சில் தொட்டுத் தொடர்ந்து வரைந்தாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் திமிர் என்று சொல்லவில்லை. சொட்டு மருந்து தீர்ந்தது. சீழ் நிற்கவில்லை. அந்த வாரமே கிடங்கை ஊருக்கு வெளியே மாற்றினார்கள்.

"திங்கக்கிழமை காட்டிட்டுப் போலாங்க."

"வேன் ஞாயித்துக்கிழமைதான் கெடைக்குது. வேன்காரன் என்ன நம்ம மாமனா?" என்றவர், மகளைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சேர்த்தார்: "அங்கயும் டாக்டர் இருப்பாங்கல்ல."

(இருப்பார். "முதல் தடவையா?" என்று கேட்பார்.)

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அம்மா புதிய இடத்திலிருந்து பஸ் மாறி மாறி வருகிறாள். "உங்க ஏரியா இப்ப வேற," என்று திருப்பி அனுப்புகிறார்கள். இன்னொன்றில் வாலு பள்ளியில் கடைசி பெஞ்சில், டீச்சர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு. இரண்டையும் கிழித்தேன். நடக்காது என்பதால் அல்ல.

ஆகவே ஞாயிற்றுக்கிழமையிலேயே நிறுத்துகிறேன். மெத்தை வேனில் ஏறிவிட்டது. வாலு முன் சீட்டில். எஞ்சின் உறுமுகிறது. காலி அறையை ஒருமுறை பார்த்துவிட்டு அம்மா தெருவுக்கு ஓடி வருகிறாள். அவசரத்தில் அந்தக் காதை மறந்து, வேனின் வலப்பக்கம், பின்சக்கரத்தருகே நிற்கிறாள்.

"வாலு, எறங்கு. நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போலாம்."

வாலு நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேன்காரர் கியரைப் போடுகிறார்.

இரண்டு என்ற எண்ணை நான் போடவில்லை. நீங்கள் போடுவதானால், இடப்பக்கமாகச் சுற்றி வந்து கூப்பிடுங்கள்.