இரண்டாவது சரணத்துக்கு முன்னால்

"கொஞ்சம் நில்லுங்க. ரெண்டாவது சரணத்துக்கு முன்னால ஒரு எடம் வருது. அங்கதான் மெட்டுப் போட்ட மனுசன் மாட்டிக்கிட்டாரு."

என் மனைவி நசீம் பானு வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். ரேடியோவில் அந்தப் பழைய இந்திப் பாட்டை அப்போதுதான் அறிவித்திருந்தார்கள். வெளியே டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். சித்தேரி மலைப் புளி வந்திருந்தது. வந்து கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு மண்டிக்குப் போனேன்.

மூட்டைகளை இறக்கி எடை போட்டுத் திரும்பியபோது மணி மூன்று. அடுப்படி நிலைப்படியில் கிடந்தாள். ரேடியோ உர விலை பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. தலையில் நரம்பு வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். உயிர் எத்தனை மணிக்குப் போனது என்று கேட்டேன். அதை எப்படிச் சொல்ல முடியும் என்றார். பாட்டு முடிவதற்கு முன்னாலா, பின்னாலா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அது 1986, மார்ச் மாதம்.

வீட்டில் உருது பேசுவோம் என்றாலும் எனக்குப் படிக்க வருவது தமிழ் மட்டும். அவள் உருது, இந்தி இரண்டும் எழுதுவாள். ஒரு படம், இரண்டு படத்துக்கு மெட்டுப் போட்டுவிட்டுக் காணாமல் போன இசையமைப்பாளர்கள் மேல் அவளுக்கு அப்படி ஒரு பிரியம். தபலா விழுகிற விதத்தை வைத்தே இது இன்னார் மெட்டு என்பாள். ரேடியோவில் பெயரை மாற்றிச் சொன்னால் அன்றைக்கே நிலையத்துக்குக் கார்டு போய்விடும்.

கார்டின் அடியில் என் பெயர் இருக்கும். அது நான் வைத்த சட்டம். பொம்பளை பெயரை ரேடியோவில் ஊரே கேட்க வேண்டுமா என்று ஆரம்பத்தில் ஒருமுறை சொன்னேன். பாட்டைப் போட்டால் சரி என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை.

அதனால் அரூர் கடைத்தெருவில் எனக்குத்தான் பேர். வாட்ச் ரிப்பேர் செய்யும் நூர் பாஷா என்னைச் 'சங்கீத பாய்' என்றுதான் கூப்பிடுவார். நானும் சிரித்துக்கொள்வேன்.

அவள் போன பதினோராம் நாள் பம்பாயிலிருந்து என் பெயருக்கு உருதுவில் ஒரு கடிதம் வந்தது. நூர் பாஷாவிடம் கொண்டுபோனேன். கண்ணில் இடுக்கியிருந்த லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அவர் நிதானமாகப் படித்துச் சொன்னார்.

எழுதியவர் பெயர் வஜாஹத் அலி. வயது எழுபத்தாறு. பார்வை போய்விட்டதால் தங்கை மகன் எழுதுகிறான். அந்தப் பாட்டின் மெட்டு அவருடையது. படத்தில் வேறொருவர் பெயரைப் போட்டுவிட்டார்கள். நாற்பது வருஷமாகச் சொந்த வீட்டிலேயே அவர் சொல்வதை யாரும் நம்பவில்லை. இப்போது ரேடியோ நிலையத்தார், மெட்டு அவருடையதுதான் என்று சொல்லும் என் கார்டை அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். எந்த இடத்தில் அவரைக் கண்டுபிடித்தேன் என்று தெரிந்தால் போதுமாம். சீக்கிரம் எழுதச் சொல்லியிருந்தார்.

"சொல்லுங்க பாய், எந்த எடம்?" நூர் பாஷா பேனாவைத் திறந்தார். "இப்பவே எழுதிப் போட்டுடலாம்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நான் இல்லீங்க. எல்லாக் கார்டும் நசீம் எழுதினது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பதினஞ்சு வருசமாவா?"

பேனாவை மறுபடி எடுத்தார். அன்றைக்குப் பிறகு அவர் என்னைச் சங்கீத பாய் என்று கூப்பிடவே இல்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதினார். கண்டுபிடித்தது என் மனைவி நசீம் பானு. அவள் இறந்துவிட்டாள். இடம் இரண்டாவது சரணத்துக்கு முன்னால். அங்கே அவளுக்கு என்ன கேட்டது என்று எனக்குத் தெரியாது. நில்லுங்கள் என்றாள், நான் நிற்கவில்லை.

கடைசி வரியும் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.

பதில் வரவில்லை. ஆறு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அந்தப் பாட்டு வந்தது. இசை வஜாஹத் அலி என்று முதல் தடவையாகச் சொன்னார்கள். விரும்பிக் கேட்டவர் அரூரிலிருந்து அப்துல் ரஷீத் என்றார்கள். என் பெயர்தான்; அவள் கடைசியாகப் போட்ட கார்டாக இருக்கும்.

ரேடியோ பக்கத்திலேயே நின்றேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வயலின்கள் எல்லாம் நின்றுவிடுகின்றன. ஒரு புல்லாங்குழல் மட்டும் மேலே ஏறிப் பாதியில் விட்டுவிடுகிறது. அவள் சொன்னது அதைத்தானா என்று தெரியவில்லை.

கையிலிருந்த வாட்சைப் பார்த்தேன். பாட்டு மொத்தம் மூன்று நிமிடம் பத்து விநாடி.