பெயர் வாங்கிய ஊசி

காலையில் கடையைத் திறந்து துணி வெட்டும் மேசையைத் துடைத்ததும் தையல்காரர் செய்யும் முதல் வேலை, வந்தவரிடமெல்லாம் தம் ரத்த அழுத்தத்தைச் சொல்வதுதான். "நேத்து நூத்தி இருபத்தெட்டு" என்பார், ஏதோ பிள்ளை பரீட்சையில் வாங்கிய மதிப்பெண் போல.

மூன்று மாதத்துக்கு முன் அது நூற்று எழுபது. மருத்துவர் தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இவர் பக்கத்துத் தெரு அக்குபங்சர்காரரிடமும் போகத் தொடங்கினார். மணிக்கட்டிலும் காலிலும் மெல்லிய ஊசிகள், அரை மணி நேரம் அசையாத படுக்கை, எழுந்ததும் அழுத்தம் பார்ப்பது. எண் இறங்கியிருந்தது. காலையில் விழுங்கிய மாத்திரையை யார் நினைத்தார்கள்? பெயரை ஊசி தட்டிக்கொண்டு போனது.

ஒரு சட்டைக்கு இரண்டு தையல்காரர் எதற்கு என்று மாத்திரையை நிறுத்தினார். மனைவியிடம், டாக்டரே நிறுத்தச் சொன்னதாகப் புளுகினார். ஊசிக்காரர் வாராவாரம், மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார். இவரும் கூசாமல் ஆமாம் என்பார். எண் மறுபடி ஏறியபோது ஊசிக்காரர் பயந்துபோய் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். பார்த்தாயிற்று என்று அதற்கும் ஒரு பொய். அந்த வாரம் கடையில் எவருக்கும் எண் சொல்லப்படவில்லை. அடுத்த வீட்டுச் சண்டையை வார்த்தை பிசகாமல் ஒப்பிக்கும் தெரு, அதை மட்டும் கவனிக்கவில்லை.

ஒருநாள் மதியம், சீருடைத் துணியின் நடுவில் கத்தரிக்கோல் நின்றது. வலது கை மூடவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

மருத்துவமனையில் டாக்டர் கேட்டார்: "மாத்திரையை எப்பம்மா நிறுத்தினார்?"

மனைவி விழித்தாள். "நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க?"

"நானா? ரெண்டு மாசமா அவர் இந்தப் பக்கமே வரலையேம்மா."

அவள் கட்டிலைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வீடு திரும்பிய பிறகும் வலது கை மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. நலம் விசாரிக்க வந்த எதிர்வீட்டு டிரைவர் இருமி, செருமி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். தனக்கும் பிரஷர்தான், மாத்திரை அலுத்துவிட்டது, அந்த ஊசிக்காரர் வீடு எங்கே?

மனைவி வழி சொன்னாள். டிரைவர் எழுந்ததும் சொன்னாள்:

"ஊசி குத்திக்கிறதை வேணாங்கலண்ணா. ஆனா டாக்டர் கொடுத்த மாத்திரையை அவரைக் கேக்காம நிறுத்தாதீங்க. வைத்தியம் பாக்குறவங்ககிட்ட பொய்யும் சொல்லாதீங்க. இவர் என்னை, டாக்டரை, ஊசிக்காரரைன்னு மூணு பேரையும் ஏமாத்தினார். உடம்பை ஏமாத்த முடியலண்ணா."