என் கழுத்தும் ஜல்வா கண்ணாடியும்

ஆம்பூரில் பாதிப் பேர் என்னைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். மீதிப் பேருக்கு என்னைத் தெரியாது. எல்லாம் இந்தக் கழுத்தால் வந்தது. யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப எனக்கு வராது, உடம்போடு திரும்பி நிற்பேன். பள்ளிக்கூடத்திலேயே ‘இன்ஸ்பெக்டர் வஹீதா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஷூ ஃபேக்டரியில் தையல் லைனுக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் கூடவே வந்தது. மிஷின் முன்னால் மற்றவர்கள் தலையைக் குனிவார்கள், நான் இடுப்பிலிருந்து வளைவேன். பழகிவிட்டது.

பெண் பார்க்க வருகிறவர்களிடம்தான் இந்தக் கழுத்து செல்லுபடி ஆகவில்லை. எங்கள் வீடுகளில் பெண்ணானவள் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டும். நான் நெட்டுக்குத்தாக உட்கார்ந்தேன். மேல்விஷாரத்துக்காரர்கள் பிரியாணியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, “பொண்ணு முகத்துக்கு முகம் பார்க்குது” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பேரணாம்பட்டுக்காரர்கள் டீயோடு கிளம்பிவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பிறகு வாணியம்பாடியிலிருந்து அஜீஸுன்னிசா வந்தார். கூடவே அவர் மகன் ஷபீ அஹமது. டேனரியில் தோல் தரம் பிரிக்கிற வேலை. வந்ததிலிருந்து தரையில் விரித்த பாயைத் தவிர எதையும் மாப்பிள்ளை பார்க்கவில்லை.

“சமைக்கத் தெரியுமா?” என்று அஜீஸுன்னிசா கேட்டார்.

“தெரியும். உங்க மகனுக்கு?” என்றேன்.

அம்மீ என் முழங்கையைக் கிள்ளினாள். அஜீஸுன்னிசா என்னையே பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். “எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும். தலை குனியாம உட்கார்ந்திருக்கு பாருங்க. தைரியம் ஜாஸ்தி. வாயே திறக்காத என் பையனுக்கு இதுதான் சரி.”

எதைச் சொல்லி எல்லோரும் வேண்டாம் என்றார்களோ, அதையே சொல்லி ஒருத்தர் வேண்டும் என்கிறார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. தோளிலிருந்து விரல் வரைக்கும் சுருக் சுருக்கென்று இழுக்கும். கத்தரிக்கோல் தானாக நழுவி விழும். லைனில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் ஜோதி, “இன்னும் எத்தனை நாள் கையை உதறிக்கினே இருப்ப?” என்று திட்டி வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “உனக்குக் கழுத்துல மூணு எலும்பு பிறவியிலேயே ஒட்டியிருக்கும்மா. அதுங்க அசையாது. அதுங்க பங்கையும் சேர்த்து அடுத்த எலும்பு அசைஞ்சிருக்கு. அங்க எலும்புக்கு நடுவுல இருக்கற தட்டு தேய்ஞ்சுபோய் நரம்பை அழுத்துது.”

ஜோதிக்கு உடனே புரிந்துவிட்டது. “லைன்ல மூணு பேர் லீவு போட்டா அவங்க வேலையெல்லாம் அடுத்தவ தலையில விழுமே, அந்த மாதிரியா மேடம்?”

“அதேதான்” என்றார் டாக்டரம்மா. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையும் பயிற்சியும் போதும், கழுத்தை வலுக்கட்டாயமாக வளைக்கக் கூடாது, வேலையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி வைத்துக்கொள்ளணும் என்றார். சூப்பர்வைசர் மூர்த்தி சார் மறுநாளே என் மிஷினுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்திவிட்டார்.

என் பயம் வேறு. அஜீஸுன்னிசா என் தைரியத்தைப் பார்த்துப் பெண் எடுத்தார். இருந்தது ஒட்டிப்போன எலும்புதானே? உண்மை தெரிந்தால் என்ன சொல்வார்? போனில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத ஷபீயை எனக்கு ரொம்பவே பிடித்துப்போயிருந்தது. அவரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. “நிக்காஹ் முடியட்டும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்” என்றாள் அம்மீ. ராத்திரியும் பகலும் அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் கவரை எடுத்துக்கொண்டு வாணியம்பாடி பஸ் ஏறிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் பெண் தனியாக வந்து நிற்பதைப் பார்த்து அந்த வீடே திகைத்துப்போனது. அஜீஸுன்னிசா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். “அன்னைக்கு நீங்க பார்த்தது தைரியம் இல்ல ஆன்ட்டி. எனக்குக் குனியவே வராது. இப்ப சொல்லுங்க.”

ஷபீ கவரை வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைத் தூக்கிப் பிடித்து, தோல் பார்க்கிற அதே நிதானத்தோடு பார்த்தார். “கழுத்துப் பக்கம் சுருக்கம் இல்லாத தோலை நான் பார்த்ததே இல்ல. அதுக்காக எதையும் ஒதுக்கினதும் இல்ல” என்றார். பிறகு, “ரொம்ப வலிக்குதா?” என்று கேட்டார். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அஜீஸுன்னிசா கீரையை ஒதுக்கி வைத்தார். “கழுத்து குனியல, சரி. கண்ணை யாரு பிடிச்சு நிறுத்தினாங்க?”

“கண்ணையா?” என்றேன்.

“கண்ணைத் தாழ்த்தறதுக்கு எலும்பு எதுக்கு? நீ தாழ்த்தலையே. என் கண்ணைப் பார்த்துக்கினே, உங்க மகனுக்குச் சமைக்கத் தெரியுமான்னு கேட்டியே, அதுவும் எலும்பா? இப்ப தனியா பஸ் ஏறி வந்து நிக்கறியே, அதுவும் எலும்பா? உட்காரு. சாப்பிட்டுட்டுப் போ.”

நான் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

நிக்காஹ் முடிந்து ஜல்வாவுக்கு உட்கார வைத்தார்கள். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் தலையணை மேல் வைத்த கண்ணாடியில் குனிந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். “குனிம்மா, இன்னும் கொஞ்சம்” என்று பெரியம்மா என் பிடரியில் கை வைத்தாள். அஜீஸுன்னிசா பாய்ந்து வந்து அந்தக் கையை எடுத்துவிட்டார். “அவ எதுக்குக் குனியணும்? கண்ணாடி மேல வரட்டும்.” கல்யாண மண்டபத்தில் இருந்த தலையணையெல்லாம் வந்து சேர்ந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் கண்ணாடியைச் சாய்த்து, அது விழாமல் அவரே பிடித்துக்கொண்டார். சுற்றி நின்ற பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் மேல் சிவப்புத் துப்பட்டாவைப் போர்த்தினார்கள்.

கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. மாப்பிள்ளையின் தொப்பி மட்டும் தெரிந்தது. மனுஷன் வழக்கப்படி கீழே குனிந்து, கண்ணாடி இல்லாத இடத்தில் என்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, அங்க இன்னா இருக்கு? நான் இங்க இருக்கேன்” என்றேன்.

மெல்ல நிமிர்ந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார், காது வரைக்கும் சிவந்துபோய் உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். நான் தாழ்த்தவில்லை.